"இல்லை" என்று எழுதுவதற்கு முன்

மூன்று வயதுக் குழந்தையின் குரல்வளையிலிருந்து எடுத்து அனுப்பும் திசு கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஃபார்மலின் டப்பாவின் அடியில் வெளிர்சிவப்பாக நாலைந்து துணுக்குகள் கிடக்கும். அதில் பெரியதே மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். கூட வரும் சீட்டில் ஈஎன்டி டாக்டர் ஒரே வரி எழுதியிருப்பார்: "குரல்நாணில் பாப்பிலோமா. எச்பிவி உண்டா?" கோவையில் நோய்க்குறியியல் மருத்துவராக நான் பார்க்கும் வேலைகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இந்தக் கேள்விதான். அடிக்கடி வருவதில்லை. வந்தால், அன்றைக்கு மற்ற வேலைகள் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

உண்டு என்று சொல்வது ஓரளவு எளிது. இல்லை என்று எழுதத்தான் நிறைய உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பு ரிப்போர்ட்டில் தெரியாது. "எச்பிவி நெகட்டிவ்" என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் என்னென்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பது அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கும் அம்மாவுக்குத் தெரியாது; பல சமயம் சோதனைக்கு எழுதிக் கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாப்பிலோமா என்றால் மரு போன்ற வளர்ச்சி. சுவாசப் பாதையில் திரும்பத் திரும்ப முளைக்கும் இந்த மருக்களை உண்டாக்குவது மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி. அதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றதும் நாம் கேள்விப்படுகிற 16, 18 அவற்றில் இரண்டு. குரல்வளையில் மரு வளர்ப்பவை பெரும்பாலும் 6, 11 என்ற வேறு இரண்டு. இவை புற்றாக மாறுவது அபூர்வம். அதனால் சாதாக் கட்டி என்கிறோம். ஆனால் அந்தப் பேரைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாத இடத்தில் அது வளர்கிறது. பிறந்த குழந்தைக்குக் குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே காற்று போகும் வழியின் விட்டம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் தடித்தால் விட்டம் பாதியாகும், காற்று போகும் பரப்பு நாலில் ஒரு பங்காகும். இரண்டு, மூன்று வயதில் இடம் கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான். இந்த நோய் பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படுவதும் அந்த வயதையொட்டித்தான்.

கண்டுபிடிப்பதற்குள் பல மாதம் ஓடிவிடுகிறது. சோமனூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் தறி ஓடுகிற வீட்டில் பிள்ளைக்குக் குரல் கம்மினால், "பஞ்சுத் தூசி ஒத்துக்கலைங்க" என்பார்கள். திருப்பூர் பனியன் கம்பெனி லைன் வீடுகளிலும் இதே பதில்தான். இல்லாவிட்டால், "கத்திக் கத்தி அழுது தொண்டை கட்டிக்கிச்சுங்க" என்பார்கள். பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது உண்மை. மில் தொழிலாளர்களுக்கு அதனால் வரும் நோயை இந்த ஊர் நன்றாக அறியும். ஆனால் தூசி மட்டுமே ஒரு பிள்ளையின் குரலை மாதக்கணக்கில் விடாமல் கம்ம வைக்காது. மூச்சில் சத்தம் கேட்டதும் வீசிங் என்று நெபுலைசர் வைப்பார்கள், இன்ஹேலர் கொடுப்பார்கள். கவனித்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். ஆஸ்துமாவின் இளைப்பு மூச்சை வெளியே விடும்போது அதிகம் கேட்கும். குரல்வளை அடைப்பின் சத்தம் மூச்சை உள்ளே இழுக்கும்போது கேட்கும், கழுத்துக்குழியும் கூடவே உள்வாங்கும். குரல் கம்மலும் இந்தச் சத்தமும் சேர்ந்து வந்தால் குழந்தையை ஸ்கோப் வைத்துப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

அறுவை அரங்கத் திரையில் நான் பார்த்திருக்கிறேன். குரல்நாண்கள் இரண்டும் வெள்ளையாக, விளிம்பு நேராகத் தெரிய வேண்டிய இடத்தில், கோழிக்கொண்டைப் பூவை உள்ளே சொருகி வைத்தது போல மடிப்பு மடிப்பாகத் திசு அடைத்துக்கொண்டிருக்கும். மயக்க மருந்து கொடுப்பவரும் அறுவை செய்பவரும் அந்தச் சின்ன வழியைப் பங்குபோட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். மைக்ரோடிபிரைடர் வைத்து வழித்தெடுக்கிறார்கள், அல்லது லேசரில் கரிக்கிறார்கள். லேசரில் கரித்த திசு எங்களுக்கு உதவாது. அதனால் கரிப்பதற்கு முன் கிள்ளியெடுத்த துணுக்கு ஒன்றாவது வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இந்த நோய்க்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுக் கதை இருக்கிறது. லண்டனின் மோரல் மெக்கன்சி 1871-இல் குரல்வளைக் கட்டிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1923-இல் உல்மன் என்ற மருத்துவர் ஒரு குழந்தையின் குரல்வளை மருவை அரைத்துத் தன் கையிலேயே செலுத்திக்கொண்டார். அங்கே மரு முளைத்தது. தொற்றக்கூடிய ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. ஆனாலும் அந்த மனிதரின் துணிவை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ அறுபது ஆண்டு, வைரஸ் எது என்று கைகாட்ட முடியவில்லை, ஏனென்றால் எச்பிவியைச் சாதாரண செல் வளர்ப்பில் வளர்த்தெடுக்க முடியாது. ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹாசன் குழுவினர் 1982-இல் ஒரு குரல்வளைப் பாப்பிலோமாவிலிருந்தே எச்பிவி 11-இன் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுக்கும் எச்பிவிக்கும் உள்ள தொடர்புக்காக 2008-இல் நோபல் பரிசு பெற்ற அதே சூர் ஹாசன்தான். அதே 1982-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கீர்த்தி ஷா உள்ளிட்ட குழு, சிறுவர்களுக்கு வரும் மருவிலும் பெரியவர்களுக்கு வரும் மருவிலும் எச்பிவியைக் காட்டியது. கீர்த்தி ஷா நம் நாட்டில் மருத்துவம் படித்துப் போனவர். எங்கள் துறையில் சேரும் பிள்ளைகளுக்கு அவர் பெயரை நான் கட்டாயம் சொல்வேன்.

இனி எங்கள் மேசைக்கு வருகிறேன்.

எல்லாம் ஃபார்மலினில் தொடங்குகிறது. திசு போட வேண்டியது நடுநிலைப்படுத்திய பத்து சதவீத ஃபார்மலினில். பழைய கேனிலிருந்து ஊற்றிய, நடுநிலைப்படுத்தாத ஃபார்மலின் நாளாக ஆகப் புளித்து ஃபார்மிக் அமிலமாகிறது. அதில் கிடக்கும் திசுவின் டிஎன்ஏ துண்டு துண்டாக உடைகிறது. நல்ல ஃபார்மலினிலும் திசு பதப்பட ஒரு நாள் ஊறினால் போதும். பொங்கல் விடுமுறைக்கு முதல்நாள் எடுத்த திசு விடுமுறை முடியும்வரை டப்பாவிலேயே ஊறிக் கிடந்தால், ஸ்லைடில் அழகாகத்தான் இருக்கும், டிஎன்ஏ நைந்திருக்கும். ஈரோட்டிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் கூரியரில் வரும் டப்பாக்களில் எடுத்த தேதியும் நேரமும் எழுதியிருந்தால், அந்தத் தியேட்டர் நர்ஸுக்கு மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன். ரிப்போர்ட்டின் தரத்தில் பாதி அவர் கையில் இருக்கிறது.

திசு மெழுகுக்கட்டியாகிறது, நாங்கள் பிளாக் என்போம். முதலில் சாதாரண ஸ்லைடு. விரல் விரலாக மேலெழும் திசு, ஒவ்வொரு விரலின் நடுவிலும் மெல்லிய ரத்தக்குழாய்த் தண்டு, அதைப் போர்த்தியபடி தடித்த தட்டை செல் அடுக்கு. மேலடுக்குகளில் சில செல்களில் உட்கரு கறுத்துச் சுருங்கி, அதைச் சுற்றித் தெளிவான வெற்றிடம் தெரியும். கொய்லோசைட் என்று இதற்குப் பேர். வைரஸ் அங்கே பெருகுகிறது என்பதற்கான தடயம் அது. அடியடுக்கில் வைரஸ் சில பிரதிகளாக ஒடுங்கியிருக்கும். செல் முதிர்ந்து மேலே வர வர அது பெருகும். இதெல்லாம் தெளிவாகத் தெரிந்தால் நோய் என்ன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த வகை வைரஸ் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்று மில்லிமீட்டர் துணுக்கில் கொய்லோசைட் அகப்படாமலும் போகும்.

அதற்கு, வைரஸின் டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கித் தேடும் பிசிஆர் சோதனை வேண்டும். பிசிஆருக்குத் திசுவை வெட்டும்போது எங்கள் டெக்னீஷியன் நடந்துகொள்ளும் விதத்தை நான் நின்று பார்த்திருக்கிறேன். புதுக் கையுறை. திசுவைச் சீவும் மைக்ரோடோமின் பிளேடு புதிது. பிளாக் வைக்கும் இடமும் பிரஷும் துடைத்தாயிற்று. நோயாளியின் பிளாக்குக்கு முன்னால், திசுவே இல்லாத வெறும் மெழுகுக் கட்டியை வெட்டி ஒரு குழாயில் போடுகிறார். பிறகு நோயாளியின் பிளாக். காற்றுப்பட்டுக் கிடந்த மேல் சீவலைத் தள்ளிவிட்டு, பத்து மைக்ரான் கனத்தில் சில சீவல்கள் அடுத்த குழாயில். மறுபடியும் வெறும் மெழுகு, மூன்றாவது குழாயில். வெறும் மெழுகிலும் வைரஸ் வந்தால், கத்தியிலோ மேசையிலோ முந்தைய நோயாளியின் தூசி ஒட்டியிருக்கிறது என்று பொருள். அன்றைய ஓட்டம் முழுவதையும் தள்ளுபடி செய்ய வேண்டியதுதான். இதில் இரக்கம் காட்டக் கூடாது. பிசிஆரின் ஒவ்வொரு சுற்றிலும் பிரதிகள் இரட்டிக்கின்றன. எல்லாம் சரியாக நடந்தால் முப்பது சுற்றில் ஒரு மூலக்கூறு நூறு கோடியைத் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றி எழுதிவிடும்.

மெழுகை சைலீனில் கரைத்து, ஆல்கஹாலில் கழுவி, புரோட்டீனேஸ்-கே நொதியை ஊற்றி 56 டிகிரியில் இரவு முழுக்க வைக்கிறோம். காலையில் திசு கரைந்து தெளிநீராகியிருக்கும். ஃபார்மலின் போட்ட முடிச்சுகள் அவிழ 90 டிகிரியில் கொஞ்ச நேரம். அதிலிருந்து டிஎன்ஏ. பிசிஆர் கலவை சேர்க்கும் அறை வேறு, பெருக்கியதைத் திறக்கும் அறை வேறு. முதல் அறையிலிருந்து இரண்டாவதற்குப் போகலாம். அந்த லேப் கோட்டோடு, அந்த பிப்பெட்டோடு திரும்பி வரக் கூடாது.

இதற்கடுத்து வருவதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வைரஸைத் தேடுவதற்கு முன், நோயாளியின் சொந்த மரபணு ஒன்றைத் தேட வேண்டும். பீட்டா குளோபின் என்பது எல்லா மனிதரிடமும் இருக்கும் மரபணு. திசுவிலிருந்து அது பெருகி வந்தால் டிஎன்ஏ நலமாக இருக்கிறது என்று பொருள். அது வராத மாதிரியில் வைரஸ் வரவில்லை என்றால், சோதனையே நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். "நெகட்டிவ்" என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை. "மதிப்பிட இயலாத மாதிரி" என்று எழுத வேண்டும். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எச்பிவி தேட உலகெங்கும் நெடுங்காலமாகப் பயன்படுகிற பிரைமர் ஜோடி (பெருக்க வேண்டிய துண்டின் இரு முனைகளையும் குறிப்பவை) ஒன்று ஏறத்தாழ 450 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள துண்டைப் பெருக்குவது. இன்னொரு ஜோடிக்கு 150 எழுத்து போதும். ஃபார்மலினில் நைந்த டிஎன்ஏவில் 450 எழுத்து முறியாமல் கிடைப்பது அதிர்ஷ்டம். 150 பெரும்பாலும் கிடைக்கும். பீட்டா குளோபினில் நூறு எழுத்துத் துண்டு வந்துவிட்டது என்று மகிழ்ந்து, வைரஸை 450 எழுத்தில் தேடி, வரவில்லை என்று எழுதினால் அது எந்த வகையிலும் நியாயமாகாது. கட்டுப்பாட்டுத் துண்டு, தேடும் துண்டின் நீளத்துக்காவது இருக்க வேண்டும். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். உயரட்டும்.

இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழமானது. நம் ஊர் லேப்களில் எச்பிவி டெஸ்ட் என்றால் பெரும்பாலும் கருப்பைவாய்ப் புற்றுப் பரிசோதனைக்கான கிட்தான். அவை பதினான்கு உயர் ஆபத்து வகைகளைத் தேடுபவை: 16, 18, 31, 33, 45 என்று போகும் பட்டியல். அதில் 6-உம் கிடையாது, 11-உம் கிடையாது. குறையென்று சொல்ல முடியாது. புற்றைத் தேடும் சோதனைக்கு அவை வேண்டியதில்லை. ஆனால் குரல்வளை மருவின் திசுவை அந்த கிட்டில் போட்டால் என்ன ஆகும்? இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்யும், கட்டுப்பாடுகள் எல்லாம் தேறும், "எச்பிவி கண்டறியப்படவில்லை" என்று அச்சாகி வரும். முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்துவிடும். அந்தக் காகிதத்தைப் பார்த்து, இது வைரஸ் மரு இல்லை போலிருக்கிறது, இனி வராது என்று ஒருவர் முடிவுகட்டினால் குழந்தையின் அடுத்த ஸ்கோப் தள்ளிப்போகும். அப்படி ஒரு ரிப்போர்ட்டோடு, மூச்சு முட்டியபின் வந்த பிள்ளையை நான் அறிவேன். அந்த லேபின் பெயர் இங்கே தேவையில்லை. எந்த லேபிலும் நடக்கக்கூடியது இது.

பி16 என்ற புரதத்தைக் காட்டும் சாயத்திலும் இதே கதைதான். தொண்டைப் புற்றில் எச்பிவி 16-இன் கைவரிசையைக் காட்ட அது அருமையான சோதனை. நூற்றுக்கு எழுபது செல்லாவது அழுத்தமாகச் சாயமேற வேண்டும் என்பது கணக்கு. 16-இன் ஈ7 புரதம் செல்லின் காவல் புரதத்தைப் பிடித்து முடக்குவதால் பி16 எகிறுகிறது. 6, 11-இன் ஈ7 அவ்வளவு வலுவாகப் பிடிப்பதில்லை. அதனால் பாப்பிலோமாவில் சாயம் அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் ஏறும். அதை வைத்து எச்பிவி இல்லை என்று சொல்லவே கூடாது. ஆகவே நான் ரிப்போர்ட்டில் "எச்பிவி நெகட்டிவ்" என்று மொட்டையாக எழுதுவதில்லை. எந்தெந்த வகைகளைத் தேடினோம், எந்த நீளத்தில் தேடினோம், பீட்டா குளோபின் வந்ததா என்று மூன்று வரி எழுதுகிறேன். படிக்க நேரமில்லை என்று சில டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். எழுதுவதை நிறுத்தவில்லை.

எதிர்ப்பக்கம் தவறும் வழியையும் சொல்ல வேண்டும். பிசிஆர் அளவுக்கு மீறிக் கூர்மையானது. வைரஸ் அங்கே இருந்ததா என்பதற்குத்தான் அது பதில் சொல்லும். கட்டியை வளர்த்தது அதுதானா என்பது வேறு கேள்வி. மூக்கில் வளரும் தலைகீழ்ப் பாப்பிலோமா இதற்கு நல்ல உதாரணம். அதில் எச்பிவி உண்டா இல்லையா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது, ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை தாறுமாறாக மாறியது. 2015-இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, அவற்றில் பெரும்பாலானவற்றில் ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் இருப்பதைக் காட்டியது. அந்த மாற்றம் இல்லாத சிலவற்றில்தான் குறைந்த ஆபத்து எச்பிவி வேலை செய்கிறது என்று பின்னால் தெரிந்தது. அதாவது வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் காரணம் இரண்டு. இப்படிப்பட்ட இடத்தில் பிசிஆரோடு நிற்காமல், ஸ்லைடிலேயே வைரஸின் டிஎன்ஏவைச் சாயமேற்றிக் காட்டும் ஐஎஸ்எச் முறைக்குப் போகிறேன். கட்டியின் செல்லுக்குள், உட்கருவில் புள்ளி புள்ளியாகச் சாயம் விழுந்தால், வைரஸ் வழிப்போக்கன் இல்லை, குடியிருப்பவன் என்று தைரியமாகச் சொல்லலாம்.

மூக்கில் வளர்ச்சி என்றதும் நம் மாநிலத்தில் ரைனோஸ்போரிடியோசிஸையும் நினைக்க வேண்டும். குளம் குட்டையில் குளிப்பவர்களுக்கு வரும், தொட்டால் ரத்தம் கசியும் சிவந்த கட்டி. உலகிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும்தான் மிக அதிகம். அதற்கு வைரஸ் தேடிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். சாதாரண ஸ்லைடில் வட்ட வட்டமாகத் தெரியும் ஸ்போராஞ்சியங்களே போதும்.

வகையைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது, எப்படியும் வழித்துத்தானே எடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 11-ஆம் வகை பல ஆய்வுகளில் முரட்டுத்தனமாக இருந்திருக்கிறது: சிறு வயதிலேயே வரும், அடிக்கடி முளைக்கும், மூச்சுக்குழலுக்கும் அபூர்வமாக நுரையீரலுக்கும் இறங்கும். அந்தக் குழந்தையின் ஸ்கோப் தேதிகளை நெருக்கி வைக்க வேண்டும்; கழுத்தில் துளையிடும் டிரக்கியாஸ்டமியை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், ஏனென்றால் மரு கீழே பரவ அது வழி திறக்கும். பெருங்குடல் புற்றுக்கென்று வந்த பெவாசிசுமாப், கடுமையான நோயாளிகள் பலருக்கு அறுவைகளின் இடைவெளியை நீட்டித்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்டிஏ, இந்த நோய்க்கென்றே முதல் மருந்தைப் பெரியவர்களுக்கு அனுமதித்தது; பாப்சிமியோஸ் என்று பேர். 6, 11 வகைகளுக்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஊசி அது. குழந்தைகளுக்கு இன்னும் இல்லை. ஒரு நாள் வரும். அன்றைக்கு, இந்த மருவில் இருந்தது எந்த வகை என்ற கேள்விக்கு நம் பிளாக்குகள் பதில் சொல்லும் நிலையில் இருக்க வேண்டும்.

எங்கள் துறையில் நோயாளிகளை நேரில் பார்ப்பது குறைவு. ஆனால் பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிப்போக வரும் குடும்பங்கள் வாசலில் நின்று கேட்பார்கள். "ஏனுங்க டாக்டரம்மா, இது ஒட்டுவாரொட்டிங்களா? வூட்ல இன்னொரு கொழந்த இருக்குதுங்க" என்று ஒரு பாட்டி கேட்டார். "இல்லீங்கம்மா. ஒரே தட்டுல சாப்புடறதுலயோ கூடப் படுக்கறதுலயோ ஒட்டாதுங்க" என்றேன். "வேரோட எடுத்தாச்சுங்களா?" என்றார் பக்கத்தில் நின்ற அப்பா. அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். மருவுக்குப் பக்கத்தில் பார்வைக்கு நல்லதாகத் தெரியும் சவ்விலும் வைரஸ் உறங்கிக் கிடக்கிறது. 1983-லேயே பெட்டி ஸ்டைன்பர்க் குழுவினர் இதைக் காட்டிவிட்டார்கள். ஆகவே வேரைத் தேடி ஆழமாக வெட்டினால் குரல்நாண் தழும்பாகும், வைரஸ் போகாது. வழியைத் திறந்து வைப்பதும் குரலைக் காப்பதும்தான் அறுவையின் வேலை. பல குழந்தைகளுக்கு வளர வளர நோய் அடங்குகிறது. "புற்று இல்லைன்னீங்களே, அப்புறம் எதுக்குங்க மறுபடியும் ஆபரேஷன்" என்ற கேள்விக்கும் இதுதான் பதில். இதை நின்று நிதானமாக ஒருவர் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பம் அடுத்த தேதிக்கு வந்துவிடும்.

அம்மா மட்டும் கடைசிவரை பேசாமல் நிற்பார். பிரசவத்தின்போது தாயிடமிருந்து வைரஸ் வருவதுதான் சிறுவயது நோய்க்கு முக்கிய வழி என்று அவர் செல்போனில் படித்திருப்பார். வீட்டிலும் யாராவது ஒரு சொல் சொல்லியிருப்பார்கள். அந்த அம்மாக்களிடம் நான் சொல்வது இதுதான். எச்பிவி மிகச் சாதாரணமான தொற்று. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், திருமணமாகிக் குடும்பம் நடத்தும் பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினேழு பேரிடம் ஏதோ ஒரு வகை எச்பிவி இருந்தது. பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் தானே மறைகிறது, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கர்ப்ப காலத்தில் பிறப்புறுப்பில் கண்ணுக்குத் தெரியும் மரு இருந்த தாய்மார்களை டென்மார்க்கில் கணக்கெடுத்தபோதுகூட, ஆயிரம் பிரசவத்தில் ஏழு குழந்தைகளுக்குத்தான் இந்த நோய் வந்தது. சிசேரியன் செய்தவர்களுக்கு அந்த ஆபத்து குறைந்ததாகவும் தெரியவில்லை. அந்தப் பெண் எதையும் தவறாகச் செய்துவிடவில்லை. இதை மாமியார் முன்னிலையிலேயே சொல்வேன்.

தடுக்க வழி இருக்கிறது என்பதுதான் இந்த நோயில் எனக்கு ஆறுதலும் ஆதங்கமும். ஆஸ்திரேலியா 2007-இல் பள்ளி மாணவிகளுக்கு 6, 11, 16, 18 நான்கையும் தடுக்கும் தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. அங்கே சிறுவர் குரல்வளை மரு 2012-இல் லட்சம் குழந்தைகளுக்கு 0.16 என்ற விகிதத்தில் இருந்தது, 2016-இல் 0.02 ஆகக் குறைந்தது. ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் அம்மாவானபோது பலன் பிள்ளைகளின் தொண்டையில் தெரிந்தது. நமக்குப் பக்கத்திலேயே ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையின் கிராம மருத்துவமனை, 2009-இல் தொடங்கிய இந்தியத் தடுப்பூசி ஆய்வின் மையங்களில் ஒன்று. ஒரே தவணைகூட 16, 18-இன் நீடித்த தொற்றை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவுக்குத் தடுக்கிறது என்று அந்த ஆய்வு 2021-இல் உலகுக்குச் சொன்னது. அந்தச் சான்றில் நம் கிராமத்துப் பெண்களின் பங்கும் இருக்கிறது. சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் தடுப்பூசி 2022-இல் அனுமதி பெற்றது, அதுவும் நால்வகைதான். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகள் அனைவருக்கும் படிப்படியாக எச்பிவி தடுப்பூசி என்று அறிவித்து 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. இதைப் பற்றிய பேச்செல்லாம் கருப்பைவாய்ப் புற்றைச் சுற்றியே நடக்கிறது. நடக்க வேண்டியதுதான், அதில் சாகிறவர்கள் அவ்வளவு பேர். ஆனால் 16, 18 மட்டும் தடுக்கும் இருவகை ஊசியும் உலகில் உண்டு. அது குரல்வளை மருவைத் தடுக்காது.

ஈஎன்டி டாக்டர்களுக்கு என் வேண்டுகோள்: கரிக்காத துணுக்கு ஒன்று, புது ஃபார்மலின், எடுத்த நேரம். சீட்டில் "எச்பிவி" என்று மட்டும் எழுதாமல் "6, 11 வகை தேடவும்" என்று எழுதுங்கள். என் துறை நண்பர்களே, பீட்டா குளோபின் வராத மாதிரியில் நெகட்டிவ் என்று கையெழுத்துப் போடாதீர்கள். பெற்றோர்களே, பிள்ளைக்குக் குரல் மூன்று நாலு வாரம் தாண்டியும் கம்மியே இருந்தால், தூசி என்று விட்டுவிடாமல் ஸ்கோப் பார்க்கும் ஈஎன்டி டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வீட்டில் வயதுக்கு வரும் பெண் பிள்ளை இருந்தால் எச்பிவி ஊசியைப் போட்டுவிடுங்கள். போடும் முன், அதில் 6-உம் 11-உம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.